நாலாவது சக்கரத்தின் துணைக்கால்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு துணைக்காலிலிருந்து. 'ஆச்சா' என்று எழுதும்போது கடைசியில் தனியாக ஒரு கால் நிற்கிறதே, அதுதான். அதை எடுத்துவிட்டு எழுத்தின் அடியைச் சுழித்தால் 'ஆச்சு'. முதலாவது கேள்வி, இரண்டாவது பதில். காற்று இயந்திரம் ஓடுகிற டயர் கடையில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'அன்று வானம் மேகமூட்டத்துடன்—'. வானத்துக்கும் வீல் நட்டுக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 'ஒரு டயர் கடையில் அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.' இது இருக்கட்டும்.

2

அண்ணனுக்குப் பெரியவர் என்றும் தம்பிக்குச் சின்னவர் என்றும் பெயர் வைத்திருக்கிறேன். (பெரியவர் என் அப்பா. அப்பா என்று எழுதினால் அவர் பக்கம் சாய்ந்துவிடுவேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கடை மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பது என் வேலை. இந்த அடைப்புக்குறியோடு ஒதுங்கிக்கொள்கிறேன்.)

ஏன் பேச்சு நின்றது? பெரிய பெரிய காரணங்களாக எழுதிப் பார்த்தேன். எல்லாம் இரவல் சட்டை மாதிரி இருவருக்கும் தொளதொளவென்று இருந்தன. உண்மைக் காரணம் சின்னது. தாயார் இறந்த அன்று சின்னவர் வெளியூரிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்தார். வாசலில் பெரியவர், "இனிமே நீ வந்து என்ன ஆகப்போகுது?" என்றார். துக்கத்தில் வந்த சொல். ஆனால் அது சின்னவருக்குள் திருகிக்கொண்டு இறங்கிவிட்டது. கழற்ற யாரும் போகவில்லை.

இருந்தாலும் வேலை நடக்க வேண்டுமே. பெரியவர் சக்கரத்தை மாட்டி, நட்டுகளைக் கையால் திருகி, ஏர் கன்னால் லேசாகப் பிடிக்க வைத்து, ஜாக்கியை இறக்குவார். வண்டி தரையில் உட்கார்ந்ததும் சின்னவர் டார்க் ஸ்பானரோடு வருவார். எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று அதில் முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். அந்த அளவு வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கும். ஒன்றை முடுக்கினால் அடுத்து அதற்கு எதிரில் இருப்பதை முடுக்குவார். வரிசையாகப் போனால் சக்கரம் கோணலாக உட்காரும். டக் என்றதும் கையை எடுத்துவிடுவார். ஆத்திரத்தில் மேலும் அழுத்தினால் போல்ட்டே அறுந்துபோகும்.

பிறகு பெரியவர் சுவரைப் பார்த்துக் கேட்பார்: "ஆச்சா?"

சின்னவர் சக்கரத்தைப் பார்த்துச் சொல்வார்: "ஆச்சு."

அவர்களுக்குள் மிச்சமிருந்தது இந்த ஒரு சொல்தான். இதில் நீ கிடையாது, நான் கிடையாது, அண்ணன் தம்பி கிடையாது. யார் செய்தது என்றே சொல்ல வேண்டாம். கோபித்துக்கொண்டவர்களுக்கென்றே யாரோ செய்து வைத்த சொல்.

சின்னவர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறார். [இங்கே அவருடைய தனிமையைப் பற்றி ஒரு பத்தி.] அந்தப் பத்தி எனக்கு வரவில்லை. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அந்த அறையைத் தாண்டிப் போனபோது காதில் விழுந்ததை மட்டும் வைக்கிறேன். உள்ளே அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார்: "சாப்ட்டாச்சா? ஆச்சு. சரி, படு."

3

சலவைக்கடை அக்கா நாலு டயரும் மாற்ற வந்தார். பின்சீட்டில் இஸ்திரி போட்ட சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"நட்டெல்லாம் நல்லா முடுக்கிடுங்கப்பா. போன தடவ வேற கடையில மாத்தி, சக்கரம் எனக்கு முன்னால போகப் பாத்துச்சு."

"இங்க அப்படி இல்லக்கா. சக்கரம் கடைசி வரைக்கும் உங்க கூடவே வரும்," என்றார் பெரியவர்.

"என் வீட்டுக்காரரும் அப்படிச் சொல்லித்தான் கட்டிக்கிட்டாரு. ஆளக் காணோம்."

சின்னவர் சிரிப்பை ஸ்பானர் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்று சக்கரங்களை முடித்திருந்தார். அதற்குள் வெளியே ஒரு லாரிக்காரர் காற்றடிக்க வேண்டும் என்று ஹாரனை அழுத்தினார். சின்னவர் ஸ்பானரை நாலாவது சக்கரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு ஓடினார்.

காற்றுக் குழாயைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தால், பெரியவர் கையில் ஸ்பானர். காலில் இடறியதால் எடுத்தது அது. சின்னவருக்கு அது தெரியாது. மிச்சத்தை அண்ணனே முடித்துவிட்டார் போல என்று நினைத்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இவர் கேட்டார்:

"ஆச்சா?"

அது இவருடைய சொல்லே அல்ல. இவர் வாயிலிருந்து எப்போதும் வருவது 'ஆச்சு'தான். துணைக்காலைக் காற்று இயந்திரம் விழுங்கிவிட்டது. பெரியவர் அதைப் பழக்கப்பட்ட 'ஆச்சு' என்றே கேட்டுக்கொண்டு, ஸ்பானரைச் சுவரில் மாட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்தார். ஸ்பானர் சுவருக்குப் போனதையே பதிலாக எடுத்துக்கொண்டார் சின்னவர். வேறு யாராக இருந்தாலும் கூடுதலாக ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள்.

அக்கா கிளம்பிவிட்டார்.

4

முடிவு ஒன்று: பெரிய சாலையின் வளைவில் நாலாவது சக்கரம் கழன்று, அக்கா— இல்லை. அந்த அக்கா என் சட்டைக்குக் கேட்காமலே பொத்தான் தைத்துக் கொடுத்தவர். கதைக்கு வேகம் வேண்டும் என்பதற்காக அவரைக் கவிழ்க்க மனம் வரவில்லை.

முடிவு இரண்டு: எதுவும் ஆகவில்லை. இதையும் அடித்துவிட்டேன். எதுவும் ஆகவில்லை என்றால் இந்த வீட்டில் எதுவுமே ஆகாது.

முடிவு மூன்று: லாரி போனது. இயந்திரம் நின்றது. திடீர் அமைதியில் சின்னவருக்கு ஒன்று உறைத்தது. நாலாவது சக்கரத்தின் டக் சத்தம் அவர் காதில் விழவே இல்லை. இயந்திரச் சத்தத்தில் கேட்காமல் போனதா, முடுக்காததால் கேட்கவில்லையா? பெரியவரைத்தான் கேட்க வேண்டும். 'ஆச்சா' போதாது; முழு வாக்கியம் வேண்டும். பெரியவர் முடித்திருந்தால், இவர் வலியப் போய்ப் பேசியவர் ஆவார். முடிக்காமல் இருந்தால்...

இங்கே பேனா நின்றுவிட்டது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். வந்து பார்த்தால், சின்னவர் கடை நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தார். அக்கா ஓட்டிக்கொண்டே இருந்தார்.

5

"அண்ணா."

பெரியவர் சோப்புக் கையோடு திரும்பினார்.

"அந்த நாலாவது வீலு, நீதானே முடுக்கின?"

"நானா? நீதான்டா ஆச்சுன்னே!"

"நான் ஆச்சான்னு கேட்டேன்."

"நீ எப்படா கேட்ருக்க? கேக்கறது நானு!"

"இன்னைக்குக் கேட்டேண்ணா."

பெரியவர் என் மேசைக்கு ஓடி வந்து, ஈரக் கையோடு போனைப் பிடுங்கினார். முதல் தடவை மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை அக்கா எடுத்தார்.

"அக்கா, வண்டிய மெதுவா ஓரங்கட்டுங்க."

"ஏம்ப்பா? தடக்கு தடக்குன்னு ஏதோ சத்தம். ரேடியோதான்னு நெனச்சு அத இப்பதான் நிறுத்தினேன்."

"அது ரேடியோ இல்லக்கா. அப்படியே நில்லுங்க. நாங்க வர்றோம்."

நாங்க என்றார். அதை நான் சேர்க்கவில்லை.

6

கடை வண்டியை அப்பா எடுத்தார். சித்தப்பா ஸ்பானரை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறினார். (சின்னவர் என்று எழுத இங்கே கை வரவில்லை.) சக்கரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். போய்ச் சேர்ந்ததும் அதைச் சரியாக முடுக்கிவிடுவார்கள். அந்த அளவுக்கு என் பேனாவுக்கு அதிகாரம் உண்டு.

போகிற வழியில் என்ன பேசினார்கள்? 'மன்னிச்சிடுடா' என்று எழுதினேன். அது அப்பாவின் வாயில் பொருந்தவில்லை. 'இருவரும் மௌனமாக' என்று எழுதினேன். அதைத் தாங்க முடியாமல் நானே அடித்துவிட்டேன். நான் கூடப் போகவில்லை; கடையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அது எப்போதும் நான்தான். இயந்திரம் நின்றுபோயிருக்கிறது. இந்த அமைதியில் எந்தத் துணைக்காலும் தொலையாது. பேசத்தான் ஆளில்லை.

வண்டியில் பின்சீட் காலியாக இருக்கிறது. நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கிற இரண்டு தலைகளும் எந்தப் பக்கம் திரும்புகின்றன என்று பார்த்துக்கொண்டே போங்கள். நீங்கள் திரும்பி வரும்போது நான் மேசையில்தான் இருப்பேன். துணைக்காலை நன்றாக நீட்டி, தெளிவாகக் கேட்பேன்:

"ஆச்சா?"