புது சைலன்சர்

மேம்பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முனகிக்கொண்டிருந்த பிக்கப்பை, முட்டைத் தட்டுகளைக் கட்டியிருந்த ஒரு மொபெட் தாண்டிப் போனது. தாண்டியவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் பிக்கப்பை ஓட்டிய கண்ணாடிக்காரருக்கு உறுத்தியது. பின்னால் ஆறு தகடு கண்ணாடி, அவற்றைச் சாய்த்து நிறுத்தும் இரும்புச் சட்டம், சட்டத்தோடு இறுக்கிக் கட்டும் பட்டைகள், கருவிப் பெட்டி; முன்னால் அவரும் மனைவியும். பாரம் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் பதினோரு வருடமாக இதே பாரத்தை இதே வண்டிதான் இழுக்கிறது. அப்போதெல்லாம் மொபெட்டுகள் பின்னால்தான் வந்தன, அல்லது அவருக்கு அப்படி ஞாபகம்.

மொபெட் ஒரு சாக்கு. காலையில் வீட்டைப் பூட்டும்போது மனைவி சொன்னதுதான் உள்ளே கிடந்து பிராண்டிக்கொண்டிருந்தது.

"அடுத்த மாசத்துலேர்ந்து நான் வண்டியில வரலைங்க. மருந்துக்கடையில பில் போடக் கூப்பிட்டிருக்காங்க. சரின்னுட்டேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். கண்ணாடியின் மறுமுனையைப் பிடிக்க வேறு ஆள் கிடைக்காமல் போகாது. ஆனால் இவளோடு தூக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டியதில்லை. அவள் மூச்சை இழுத்தால் தூக்க வேண்டும், விட்டால் இறக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு தகடு கை நழுவினால் ஒரு விரல் போய்விடும் தொழிலில் பத்து விரலோடு இன்னும் இருக்கிறார் என்றால் பாதிப் பெருமை அவளுக்கு. அவள் இல்லாத அந்தப் பக்கத்து இருக்கையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கேட்காத கேள்விக்கு அவரே பதிலும் கண்டுபிடித்துக்கொண்டார். வண்டி மந்தம். தினமும் வீடு திரும்ப இருட்டிவிடுகிறது, அலுத்துப்போயிருக்கிறாள். வண்டி சீக்கிரம் போனால் வீட்டுக்குச் சீக்கிரம் திரும்பலாம். திரும்பினால் மருந்துக்கடை எதற்கு? மாசம் முடிய இரண்டு வாரம் இருந்தது.

அன்றிலிருந்து மனிதர் முள்மேல் இருப்பது போல இருந்தார். சாப்பிடும்போதும் போனில் வண்டி வீடியோதான். ஜன்னல் அளவு குறிக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் காற்று வடிகட்டி, இன்ஜின் கம்ப்யூட்டர், அகல டயர், சைலன்சர் என்று எழுதி, அடித்து, திரும்ப எழுதினார். ஒரு வீட்டுக்காரம்மாவிடம் குளியலறை ஜன்னலின் அகலத்தை இரண்டு முறை தப்பாகச் சொன்னார். மனைவி டேப்பை வாங்கித் தானே அளந்தாள்.

ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் அந்தப் பக்கத்தைக் கிரீஸ் படாமல் முழங்கையால் பிடித்துப் படித்தார்.

"இதுல எதைப் போட்டா வண்டி பறக்கும்?"

"பறந்து எங்க போகப் போறீங்கண்ணே? நீங்க ஏத்துறது கண்ணாடி. பின்னாடி ஷாக் ரெண்டும் செத்துக் கிடக்கு, டயர் மொட்டை. தினம் ஓட்டுற வண்டிக்கு மொதல்ல ஷாக்கு, அப்புறம் டயரு, பிரேக்கு. அதுக்கும் மேல ஆசை அடங்கலைன்னா இன்ஜின் கம்ப்யூட்டர்ல செட்டிங்கை மாத்தி இழுவையக் கூட்டலாம்."

"சைலன்சர்?"

"சத்தம் கூடும். வேகம் கூடின மாதிரி இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "மாதிரி," என்றார்.

மெக்கானிக் சொன்னதில் தப்பே இல்லை என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். ஆனால் குலுக்கலைத் தாங்கும் ஷாக் வண்டிக்கு அடியில் இருக்கிறது. மாற்றினால் யார் கண்ணில் படும்? வண்டி புதுசாகிவிட்டது என்று பக்கத்து இருக்கைக்குத் தெரிய வேண்டாமா? கம்ப்யூட்டரையும் சைலன்சரையும் இப்போது, மற்றதை அப்புறம் என்று ஒரே பிடியாக நின்றார். மெக்கானிக் தோளைக் குலுக்கிவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

மறுநாள் சவரக்கடை ஒன்றுக்கு முகப்புக் கண்ணாடி கொண்டுபோக வேண்டியிருந்தது. வண்டி உறுமியது. அந்த உறுமலில் அவருக்குப் பத்து வயது குறைந்தது. மனைவி எப்போதும் போல் கதவில் ஒரு தோளைச் சாய்த்து, முகத்தைப் பின்பக்கம் பாதி திருப்பி, பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வண்டியில் ஏறினால் அவள் அப்படித்தான். ரேடியோ போட விடமாட்டாள், பேச்சுக் கொடுத்தால் ஒற்றை வார்த்தை. என்னவோ கோபம் என்று முதலில் நினைத்தார், பிறகு அவள் சுபாவமே அது என்று விட்டுவிட்டார். திடீர் திடீரென்று வாய் திறந்தால் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்.

"டீ குடிக்கலாங்க."

டீப்பைத்தியம் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் அவளைக் கேலி செய்யாத நாள் இல்லை. பாலம் வந்தது. மூன்றாவது கியரிலேயே ஏறினார். ஒரு மொபெட்டை, அது வேறு யாருடையதோ, தாண்டினார். தாண்டிவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னலில் காதை ஒட்டவைத்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"டீ குடிக்கலாங்க," என்றாள் இன்றைக்கும், சத்தமாக.

"இன்னைக்கு டீ வேண்டாம், ஒரே அழுத்தா போயிடலாம். எப்படிப் போகுது பாத்தியா?"

சவரக்கடை வாசலில் பட்டைகளை அவிழ்த்தபோது, முகப்புத் தகடு ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை விரிசல் விட்டிருந்தது. கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி சவரக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மனைவி வண்டியின் பின்விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அந்த இரைச்சல்ல ஒண்ணும் காதுல விழலை," என்றாள்.

"என்ன விழணும்?"

"பட்டை தளர்ந்தா தகடு சட்டத்துல தட்டி டிக் டிக்குன்னு சத்தம் வரும். அப்பத்தான் டீ குடிக்கலாம்பேன். நீங்க டீ சொல்லப் போவீங்க, நான் பின்னாடி போய் இழுத்துக் கட்டிடுவேன். இன்னைக்கு ஒண்ணும் கேக்கலை, எதுக்கும் பாத்துடலாம்னுதான் டீ கேட்டேன்."

"பதினோரு வருஷமாவா?"

அவள் அவிழ்த்த பட்டையை மடியில் போட்டுச் சுருட்டினாள்.

"சொல்லியிருக்கலாமே."

"மொத வருஷம் சொன்னேன். நான் கட்டினது தளராதுன்னு மூணு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க."

அது ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம். தன் கட்டு உடும்புப்பிடி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததும் சேர்ந்து ஞாபகம் வந்தது. நின்ற இடத்தில் கூசிப்போனார்.

"அதனாலதான் மருந்துக்கடையா?"

"கழுத்து இந்தப் பக்கமே திரும்பி நின்னுபோச்சுங்க. தூக்கத்துலயும் டிக் டிக்குங்குது. எதையும் காது குடுத்துக் கேக்காம, நேரா உக்காந்து ஒரு வேலை பாக்கணும் போல இருக்கு."

சாயங்காலமே ஒர்க்ஷாப்பில் போய் நின்றார். பழைய சைலன்சரை மெக்கானிக் எடைக்குப் போடாமல் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். "வருவீங்கன்னு தெரியும்," என்றார். அதையே திரும்ப மாட்டி, ஷாக்கையும் டயரையும் மாற்ற இரண்டு நாள் ஆனது.

மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது சவரக்கடைக்கு வேறு தகடு ஏற்றினார்கள். அவள் மூச்சை இழுத்தாள், தூக்கினார். விட்டாள், இறக்கினார். வண்டியைக் கிளப்பும்முன் சொன்னார்:

"இன்னைக்கு நான் பாத்துக்கறேன். நீ நேரா உக்காரு."

வண்டி பள்ளங்களில் மெத்தென்று இறங்கி ஏறியது. முன்பெல்லாம் தூக்கிப் போட்ட இடத்தில் இப்போது ஒரு அசைவுதான். அவர் காதைத் தீட்டிக்கொண்டார். கதவு கிறீச்சிட்டது, கருவிப் பெட்டியில் ஏதோ உருண்டது, எல்லாமே டிக் டிக் என்றுதான் இருந்தது. மூன்று இடத்தில் நிறுத்தி டீ சொல்லிவிட்டுப் பின்னால் ஓடினார். மூன்று முறையும் பட்டை விறைப்பாகவே இருந்தது.

"வயித்துல இடமில்லைங்க," என்றாள் அவள், சிரிக்காமல்.

பாலம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஏதோ கேட்டது. கேட்டதா, நினைப்பா என்று புரியவில்லை. ஓரம் கட்டினார். இந்த முறை பட்டை கைக்கு ஒரு விரல் அளவு இளகியது. இழுத்துக் கட்டிவிட்டு, அந்த முடிச்சின் மேல் சற்று நேரம் கையை வைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து ஏறியதும் கேட்டார்:

"உனக்கு எப்போ காதுல விழுந்துச்சு?"

"பாலம் ஏறும்போதே."

"சொல்லலையே."

"நேரா உக்காரச் சொன்னீங்க."

அவர் வண்டியை மெதுவாக நகர்த்தினார். மொபெட்டுகள் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு முன்னால் தெரிந்த சாலையையே பார்த்தாள். அடுத்த பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது, அவள் கழுத்து தானாகப் பின்பக்கம் ஒரு நூல் திரும்பியது. பிறகு அவளே அதைக் கையால் பிடித்து நேராக்கிக்கொண்டாள்.