கிறுக்கி வரைந்த மலை

வாருங்கள், வந்து இந்தக் கூடத்தின் தரையைப் பாருங்கள். பிணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நோயில் போனவளை அவள் வீட்டார் இன்னொரு முறை கொல்கிறார்கள். முதலில் அதற்குச் சாட்சியாகுங்கள்.

அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி விடிந்ததிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. வருகிறவர்கள் வழுக்கி விழக் கூடாதென்று அண்ணன் பரணிலிருந்து தடித்த தாள்களை இறக்கி, பெட்டியைச் சுற்றிக் கவிழ்த்து விரித்துவிட்டான். முதல் பேருந்தில் வந்திறங்கிய மகள் அழவும் மறந்து நின்றாள். தாள்களின் ஓரத்தில் சிவப்புக் கசிந்துகொண்டிருந்தது. குனிந்து ஒன்றைப் புரட்டினாள். அம்மா தீட்டிய ஆறு.

"கெட்டித் தாள். தண்ணியை நல்லா இழுக்குது," என்றான் அண்ணன், ஒரு வேலையை ஒழுங்காக முடித்த நிறைவோடு.

அடுப்பை அணைத்த பின் கிடைத்த நேரத்திலெல்லாம் நீர்வண்ணம் தீட்டியவள் அவள். மலை ஊதா முக்கோணம், ஆறு செக்கச் சிவப்பு, வானம் மஞ்சள், நடுவே கறுப்புச் சதுரமாக ஒரு வீடு. கிறுக்குகிறவள் கிறுக்கி என்று அப்பா வைத்த பெயர் பால்காரர் வரைக்கும் பரவிற்று. வீட்டுக்குக் கதவு எங்கேடி என்று விருந்தாளிகள் முன்னால் அப்பா ஒருநாள் கேட்க, அதைத்தான் நானும் தேடுகிறேன் என்றாளாம் அம்மா. அதற்கும் சிரித்தார்கள்.

மகள் ஒவ்வொரு தாளாக எடுத்தாள். மலைகள் கரைந்து ஓடியிருந்தன. வானத்தின்மேல் யாரோ மிதித்த குதிகால் தடம். கறுப்புச் சதுர வீடு இருந்த தாளை மட்டும் காணவில்லை. ஐஸ் பெட்டி ஆடாமலிருக்க, அந்தத் தாளை மடித்துப் பெட்டியின் கால் ஒன்றுக்கு அடியில் செருகியிருந்தார்கள்.

"பெட்டியைத் தூக்குங்க," என்றாள்.

சாவு வீட்டில் கூத்து வேண்டாமென்று அப்பா அதட்டினார். "கிறுக்கினவளே போயிட்டா. கிறுக்கலுக்கு என்னடி இப்ப?"

"அம்மா பேரைச் சொல்லிட்டு அப்புறம் பேசுங்கப்பா."

அப்பாவின் வாய் திறந்தது. கூடமே காத்திருந்தது. பெயர் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி எழுந்து வந்து பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தாள். பிறகு, தலை நிமிராமல், அண்ணன். மூன்றாவதை மகள் பிடித்திருக்கிறாள். நான்காவது முனைக்கு ஆளில்லை. கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் அப்பா அசையவில்லை, அவருடைய உள்ளங்கால்கள் சிவந்திருக்கின்றன. பெட்டிக்கடியில் தாள் இன்னும் ஊறிக்கொண்டிருக்கிறது.

வாசலில் நிற்பவரே, பார்த்தது போதும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பிடியுங்கள்.