அட்டையில் விழுந்த நீலம்

கொனாடுவின் டாக்ஸிக்கு அடியில் ஈரம் இருப்பதை முதலில் பார்த்தது அவள் கொழுந்தன் அசாமோவாதான். பார்த்ததும் அவன் முகம் மலர்ந்ததை அவள் கவனித்தாள்.

கணவன் ஒவுசுவின் ஓராண்டுச் சடங்கு முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. துக்கக் கறுப்பைக் களைந்து, துக்கம் முடிந்ததற்கு அடையாளமான வெள்ளை உடுத்திக்கொண்டு அவள் மறுபடி வண்டி எடுத்திருந்தாள். தினமும் காலையில் தக்காளி வியாபாரிப் பெண்கள் நான்கு பேரைக் கூடைகளோடு குமாசி நகரச் சந்தையில் இறக்கிவிடுவாள். அவளும் இரண்டு மகள்களும் சாப்பிடுவது அந்த ஓட்டத்தில்தான். ஆனால் ஒவுசுவின் குடும்பத்தில் ஒரே பேச்சு: தம்பி இருக்கும்போது அண்ணன் கார் விதவையிடம் எதற்கு?

அன்று ஞாயிறு. தேவாலயத்தில் ஆராதனை முடிந்த கையோடு மெக்கானிக் பைடூவையும் கூட்டி வந்திருந்தான் அசாமோவா.

"என்ன அண்ணி, வண்டி நின்ன இடத்துலயே மூத்திரம் போகுது? பாக்கலையா?"

பைடூ மாஸ்டர் ஈரத்தை விரலால் தொட்டு முகர்ந்தார். "தண்ணிதான். ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்மா. எஞ்சினை இறக்கணும்."

"காலையில கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிடுறோம்," என்றான் அசாமோவா. "பொம்பளைக்கு எதுக்கு அண்ணி இந்தத் தலைவலி?"

பட்டறைத் தெருவுக்குக் கயிற்றில் போகும் வண்டி எப்படித் திரும்பும் என்று கொனாடுவுக்குத் தெரியும். கதவு ஒருவருக்கு, சக்கரம் ஒருவருக்கு என்று பிரித்து விற்றுவிடுவார்கள்.

"காலையில வாங்க. நானும் வண்டியும் இங்கதான் இருப்போம். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது."

சொல்லிவிட்டாள். ஆனால் மாஸ்டர் சொல்வது நிஜமாக இருந்தால்?

தண்ணீர் என்பதுதான் சிக்கல். ஊரிலுள்ள மற்ற ஓட்டுநர்களைப் போலவே ஒவுசுவும் ரேடியேட்டருக்கான பச்சைத் திரவத்தை வாங்கியதே இல்லை. குடிநீர்ப் பையின் மூலையைக் கடித்து உள்ளே பீச்சிவிடுவான். அவளும் அதையே செய்து வந்தாள். பச்சையாக இருந்திருந்தால் ஒழுகும் இடத்தை அதுவே காட்டிக்கொடுத்திருக்கும். இந்தத் தண்ணீருக்கு நிறமில்லை. யார் என்ன சொன்னாலும் தலையாட்டும். ஏசியிலிருந்து வரவும் வழியில்லை. அது செத்து மூன்று வருடம்.

ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தாள். எஞ்சினுக்குள் தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கும் அந்தக் கேஸ்கெட் போனால் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் விட்ட கஞ்சி மாதிரி இருக்கும் என்று டாக்ஸி நிறுத்தத்தில் பேசிக் கேட்டிருக்கிறாள். இது பழுப்பாகத்தான் இருந்தது. நம்பிக்கையில்லாமல் மூன்றாவது முறையும் பார்த்தாள். அப்போதும் பழுப்புதான்.

அதே வளாகத்தில் குடியிருந்த கஞ்சிக்கார மான்சாவிடம் போனாள்.

"அக்கா, துணிக்குப் போடுற நீலம் இருக்கா? பெரிய அட்டைப்பெட்டி ஒண்ணும் வேணும்."

"ஞாயித்துக்கிழமை என்னடி துவைக்கப் போற?"

"வண்டிக்கு அக்கா."

"வண்டிக்கு நீலமா! பாவம், ஒவுசு போன துக்கம் இப்பத்தான் உன் தலைக்கு ஏறுது," என்று சொல்லிக்கொண்டே நீலப்பொடியையும், பால் டப்பாக்கள் வந்த பெரிய அட்டைப்பெட்டியையும் மான்சா எடுத்துக் கொடுத்தாள்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, பொடியைக் கரைத்து ஊற்றினாள். கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டாள். வண்டியின் அடியைத் துணியால் துடைத்தாள். பெட்டியைப் பிரித்து எஞ்சினுக்கு அடியில் தள்ளி, முன்சக்கரங்கள் இருக்கும் பக்கங்களைக் கரியால் குறித்தாள். இனி அட்டைதான் சொல்ல வேண்டும்.

காலையில் அசாமோவா கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மான்சாவிடம் கஞ்சி வாங்க வந்தவர்கள் கிண்ணத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். கொனாடு அட்டையை வெளியே இழுத்தாள். வலது முன்சக்கரத்துக் குறிக்குப் பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். வேறெங்கும் ஒரு புள்ளிகூட இல்லை.

"மாஸ்டர், இதுக்கு நேர் மேல என்ன இருக்குன்னு படுத்துப் பாத்துச் சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

பைடூ வண்டிக்கு அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது அவர் விரல் நீலமாக இருந்தது.

"ரேடியேட்டர் கீழ் ஹோஸ் பைப்போட கிளிப் தளர்ந்திருக்கு."

"நல்லாப் பாருங்க மாஸ்டர்!" என்றான் அசாமோவா.

"பாத்துட்டேன்பா. இத்தனை பேர் பாக்கும்போது கிளிப்புக்காக எஞ்சினை இறக்கினா நாளைக்கு எவன் என் பட்டறைக்கு வருவான்? நகரும்மா, முடுக்கி விடறேன்."

"ஸ்க்ரூடிரைவரை மட்டும் குடுங்க."

அவளே படுத்தாள். வெள்ளை உடையில் மண் ஒட்டியது. இரண்டரைச் சுற்று முடுக்கினாள். ஈரத்தைத் துடைத்து, அட்டையின் மறுபக்கத்தை விரித்து, வண்டியைக் கிளப்பினாள். எல்லோரும் கஞ்சி குடித்து முடிக்கும்வரை எஞ்சின் ஓடியது. அட்டை காய்ந்தே கிடந்தது.

"இன்னிக்கு நின்னுடுச்சு," என்றான் அசாமோவா. "நாளைக்கு வேற எங்கயாவது ஒழுகும், பாத்துக்கிட்டே இருங்க."

"ஒழுகட்டும் தம்பி. அக்காகிட்ட இன்னும் ஏழு அட்டைப்பெட்டி இருக்கு."

மான்சா வாய்விட்டுச் சிரித்தாள். "எட்டுடி!"

அட்டையை மடித்துப் பின்னால் போட்டுவிட்டு கொனாடு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். தக்காளிக்காரப் பெண்கள் இந்நேரம் வைது தீர்த்திருப்பார்கள். திரும்பும்போது பச்சைத் திரவம் ஒரு கேன் வாங்க வேண்டும். நீலத்தை அலசிவிட்டு அதை ஊற்ற வேண்டும்.

வாசலை மறித்தபடி அசாமோவா கயிற்றோடு நின்றான். அவள் ஹார்னை அடித்தாள். அவன் நகரவில்லை. ஹார்னிலிருந்து கையை எடுக்காமல், முதல் கியரைப் போட்டாள்.

அவன் நகர்ந்தான்.