ஆள்மேல் போட்ட சொல்

அன்று காலையும் மீசைக்காரர் என் மேசைக்கு வந்தார். பத்து வருஷமாக ஆலையின் பாய்லரோடு குடித்தனம் நடத்துகிற மனிதர்.

“சத்தம் சரியில்லம்மா. உள்ள யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கு. கவலையா இருக்குன்னு தலைமை ஆபீசுக்கு எழுதும்மா.”

ஆட்கள் தமிழில் சொல்லும் புகாரை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவது என் வேலை. ‘வொரியிங்’ என்று எழுதினால், கவலை தருவது பாய்லர். அதை நிறுத்திப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். ‘வொரீட்’ என்றால், கவலைப்படுவது ஆள். டாக்டரிடம் அனுப்பினால் போதும். இந்த வித்தியாசம் தெரியாத மக்கு இல்லை நான். தெரிந்துதான் ‘வொரீட்’ என்று எழுதினேன். மெஷின் நின்றால் மேனேஜர் எரிந்து விழுவார். மனிதன் நின்றால் கொட்டாவிகூட விட மாட்டார். எங்கள் ஆபீசில் எல்லாப் புகாருக்கும் இதே வைத்தியம்தான்.

மறுநாளே மீசைக்காரருக்குப் பதினைந்து நாள் ஓய்வு கொடுத்தார்கள். “எனக்கு என்னம்மா நோவு?” என்று கேட்டுவிட்டுப் போனார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மதியம் சாப்பாடு இறங்கியது.

அடுத்த நாள் மேனேஜர் என் மேசையைத் தட்டினார். “பாய்லருக்கு உங்க தம்பியையே போட்டாச்சு. பேக்கிங்ல இருந்து அவனே கேட்டு வந்தான். தைரியசாலி!”

உடனே இன்னொரு கடிதம் அடித்தேன். இந்த முறை ‘வொரியிங்’.

கையெழுத்துக்கு வைத்ததும் மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். “நேத்து வரைக்கும் நல்லா இருந்த மெஷின், தம்பி போனதும் கெட்டுப்போச்சா?” பேனாவை எடுத்துச் சொல்லின் வாலை அடித்து ‘வொரீட்’ ஆக்கினார். கவலைப்படும் ஆள் யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். “டாக்டர் மூணு மணிக்கு வருவாரு. போய்ப் பாருங்க.”

நான் பாய்லர் அறைக்கு ஓடினேன். படிக்கட்டில் கால் வைத்ததுமே உள்ளங்கால் அதிர்ந்தது. மீசைக்காரர் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்.

“வெளிய வாடா! வெடிச்சுடும்டா!”

“பயப்படாதக்கா,” தம்பி திரும்பாமலே கத்தினான். “கேட்டுட்டுத்தான் வந்தேன். மெஷின்ல ஒண்ணுமில்ல, மீசைக்காரருக்குத்தான் மனசு சரியில்லன்னு கடுதாசில இருக்காம்.”

“அதை எழுதினதே நான்தான்டா!”

அதற்குமேல் சொன்னதைச் சத்தம் விழுங்கிவிட்டது.

“நீயா எழுதின?” அவன் முகம் மலர்ந்தது. “அப்ப சரியாத்தான் இருக்கும்” என்று நெருப்பைக் கூட்டினான்.