மூடிக்குக் கீழே

மூன்றாவது மூடியைத் தூக்கியபோதுதான் பூஷைபுக்கு உறைத்தது. கீழே தட்டு இல்லை. நான்காவதன் கீழும் இல்லை. ஐந்தாவதைத் துணிந்து தூக்க மனம் வராமல், தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல ஓரத்தை மட்டும் உயர்த்திப் பார்த்தான். வெறும் பலகை.

முந்தின நாள், துறைமுகத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஜிலாலி வந்து முப்பது தஜீன் மண்சட்டி கேட்டார். இவன் அலமாரியைப் பார்த்தான், வரிசையாக நின்ற கூம்பு மூடிகளை எண்ணினான், நெஞ்சில் கை வைத்து, முப்பது என்ன, நாற்பதே இருக்கிறது என்றான். தொப்பிகளை எண்ணிவிட்டு ஆட்களை எண்ணியதாக நினைத்துக்கொண்டான். இப்போது எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்தாகிவிட்டது. மூடி நாற்பது. தட்டு பதினேழு.

போன இருபத்துமூன்றை யாரும் திருடவில்லை. இவனேதான் விற்றான்.

சஃபி நகரத்துக் குயவர் மேட்டில் இருக்கும் அந்தக் கடை அக்கா யம்னாவுடையது. கடைக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: கீழே தட்டு, மேலே மூடி, இரண்டும் சேர்ந்தால்தான் தஜீன், பாதி விற்பனைக்கில்லை. பாதியை விற்றால் மிச்சப் பாதி கடையிலேயே முதிர்கன்னியாக நிற்கும் என்பாள். மகளின் பிரசவத்துக்கு அகாதிருக்குப் பஸ் ஏறும்போதும் அதையே சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை நான் வர்றப்ப கடை கடையா இருந்துச்சுன்னா, இன்னொரு சாவி வெட்டி உன் கையில தர்றேன். இல்லன்னா திரும்பக் களிமண் லாரிக்கே போயிடுடா."

நாற்பத்தொரு வயதில் பூஷைபுக்குச் சொந்தமாக ஒரு சாவிகூடக் கிடையாது. சைக்கிளுக்குப் பூட்டு வாங்கியதில்லை. அதைத் திருட யாரும் முன்வராததால் தேவைப்படவும் இல்லை.

அவள் போன மறுநாளே, முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி வந்தாள். காஸ் அடுப்பின் தீயில் தட்டு விரிந்துவிட்டதாம், மூடி கல்லாட்டம் இருக்கிறதாம், சாயங்காலம் மாமியார் வீட்டு ஆட்கள் சாப்பிட வருகிறார்களாம். மாமியார் என்ற சொல்லிலேயே பூஷைப் இளகிப்போனான். ஒரு தட்டைக் கொடுத்தான். இருட்டுவதற்குள் மேடு முழுக்கச் சேதி பரவிவிட்டது: யம்னா ஊரில் இல்லை, தட்டைத் தனியாகத் தருகிற ஒரு நல்ல மடையன் உட்கார்ந்திருக்கிறான். வந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு தட்டு, ஒரு மாமியார். அலமாரி மொட்டையாகத் தெரியக்கூடாதே என்று மூடியை மட்டும் பழைய இடத்திலேயே வைத்துவந்தான். அந்தச் சாமர்த்தியம் கடைசியில் ஏமாற்றியது இவனை மட்டும்தான்.

இன்று வியாழன். நாளைக் காலை பத்து மணிக்கு ஜிலாலியின் வண்டி வரும், பதினொன்றுக்கு அக்காவின் பஸ். சூளைக்காரரிடம் ஓடினான். தட்டு காய வேண்டும், சூளை நிறைய வேண்டும் என்றார் அவர். எத்தனை நாள் என்று கேட்டதற்கு, இறைவன் நாடினால் என்றார். எப்போது நாடுவான் என்று கேட்டதற்கு, வானத்தைப் பார்த்து மேகம் இருக்கிறது என்றார்.

வேறு வழியில்லை, ஜிலாலியிடமே போய்ச் சொல்லிவிடலாம் என்று மத்தியானம் துறைமுகத்துக்கு இறங்கினான். போனவன் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, மத்தி மீன் உருண்டை தஜீன் ஒன்று சொன்னான். அது வந்தது. மூடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சூப்புத் தட்டு கவிழ்ந்திருந்தது.

பக்கத்து மேசையைப் பார்த்தான். அங்கே அலுமினியக் குண்டான் மூடி.

"மூடி எங்கண்ணே?"

"காத்தாட இருக்கட்டும்னு எடுத்து வெச்சோம்" என்றார் ஜிலாலி, துடைத்த மேசையையே மறுபடி துடைத்துக்கொண்டு.

பூஷைப் ரொட்டியைப் பிய்த்தான். முப்பது தஜீன் எதற்கு என்று கேட்டான். மாடியில் புதிதாக ஆள் உட்காரப் போகிறார்கள் என்றார். இவன் அண்ணாந்து பார்த்தான். தகரக்கூரை. அதன்மேல் இரண்டு கடற்காக்கைகள். அவையும் கிளம்பப்போவதாகத் தெரிந்தது. பிறகு கல்யாணம் என்றார். யாருடையது என்று கேட்டால் பெயர் வரவில்லை. பிறகு விலை ஏறப்போகிறதே என்று வாங்குவதாகச் சொன்னார்.

இந்த மனுஷனும் நம்மைப்போலத்தான் எதையோ கவிழ்த்து மூடி வைத்திருக்கிறார் என்று பூஷைபுக்குப் பட்டது. அந்த நினைப்புதான் தைரியம் கொடுத்தது.

"அண்ணே, நான் சொல்லிடறேன். நாளைக்கு உங்களுக்கு முப்பது தர முடியாது. மூடி நாப்பது கிடக்கு, தட்டு பதினேழுதான். அக்காவுக்குத் தெரியாம தட்டைத் தனியா வித்துட்டேன். அக்கா தர்றேன்னு சொன்ன கடைச் சாவி போச்சு. இப்ப நீங்களும் ஒரு தடவை நெஜத்தைச் சொல்லுங்க. முப்பது எதுக்கு?"

ஜிலாலி துணியைத் தோளில் போட்டார். சமையற்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"தட்டு எனக்கு எதுக்குடா? கரிக்கணப்புல வேகறது, ஒண்ணுகூட விரியல. வீட்டுல முப்பதும் மொட்டையா அடுக்கி வெச்சிருக்கேன், எல்லாம் உங்க மேட்டுச் சரக்குதான், ஒரே அளவு. மூடிதான் எல்லாம் உடைஞ்சு போச்சு. உங்கக்காகிட்ட மூடிய மட்டும் கேட்டேன், தலைய மட்டும் வெட்டித் தர நான் என்ன கசாப்புக்காரியான்னு வெரட்டிட்டா. அதான் முழுசாவே வாங்கித் தொலைப்போம்னு வந்தேன். நீ அந்த இருபத்துமூணு மூடியைக் குடு. மிச்சத்துக்கு ஏழு ஜோடி எடுத்துக்கறேன். உங்கக்கா வந்து தூக்கிப் பார்த்தா, பத்து மூடிக்குக் கீழ பத்து தட்டு இருக்கும். சாவிய வாங்கி இடுப்புல சொருகிக்க." குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் யாரு உடைக்கறான்னு கேப்பே. நான்தான். வெளியூர்க்காரங்க முன்னாடி மூடிய ஒசரத் தூக்கி, ஆவியோட ஒரு சுத்து சுத்தினா கை தட்டுறாங்கடா. மூடிக் குமிழ் சுடுங்கறது ஒவ்வொரு தடவையும் மறந்துபோயிடுது."