கிளைவ் துரை தளும்பத் தளும்ப ஊற்றிய தேநீர்

எங்கள் பிரிட்டிஷ் பள்ளிக் குழுமத்துக்கு ஒரு வியாதி. ஓர் ஊரில் பெயர்ப்பலகையின் சாயம் காய்வதற்குள் அடுத்த ஊரில் நிலம் தேடும். உஸ்பெகிஸ்தானில் தாஷ்கந்தும் சமர்கந்தும் ஆனபின் குழுமத் தலைவர் கிளைவ் துரையின் கண் கோகந்த் மேல் விழுந்தது. என் கண்ணும்தான். தாஷ்கந்தில் துணை முதல்வராகவே இருந்து, லண்டனிலிருந்து வந்திறங்கும் ஒவ்வொரு முதல்வருக்கும் சந்தைக்கு வழிகாட்டி அலுத்துப்போயிருந்தேன். கோகந்தில் பள்ளி வந்தால், “முயஸ்ஸர், நீதான் முதல்வர்” என்று துரை எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

நிலம் அங்கிருந்த பெரியவர்கள் கையில் இருந்தது. மூத்தவரான ஹம்தம் அண்ணன், பருத்தி ஆலைக்காரர், எங்களை வீட்டுக்கு அழைத்துப் புலாவ் போட்டார். முறைப்படி அரைக் கிண்ணம் தேநீர் ஊற்றினார். தீரத் தீர மறுபடியும் அரைக் கிண்ணம். திரும்பும் வழியெல்லாம் துரை புலம்பினார். இவ்வளவு பெரிய வீட்டில் இப்படியா கஞ்சத்தனம் என்றார். எங்கள் வழக்கத்தை விளக்க வாயைத் திறந்தேன்.

“பெரிய மனசுக்கு விளக்கம் எதுக்கு, முயஸ்ஸர்?” என்று அடக்கிவிட்டார்.

அவருக்கு ஒரு கொள்கை கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டால் காது கேட்காது. அடுத்த வாரம் எல்லாப் பள்ளிச் சுவரிலும் தொங்கியது: ‘நிறைந்த கிண்ணமே நம் நெறி.’

முடிவு சொல்லப் பெரியவர்கள் தாஷ்கந்த் வந்தார்கள். தலைவன் என்பவன் பரிமாற வேண்டும் என்று துரையே தேநீர்க் கூஜாவைத் தூக்கினார். நான் ஒரு பக்கம் இழுத்தேன், அவர் ஒரு பக்கம் இழுத்தார். ஆறடி ஆளிடம் என் பலம் எம்மாத்திரம்? ஒவ்வொரு கிண்ணத்திலும் தளும்பத் தளும்ப ஊற்றினார்.

எங்கள் பக்கத்தில் அரைக் கிண்ணம் என்றால் இன்னும் இரு என்று அர்த்தம். நிறைந்த கிண்ணத்துக்கு ஒரே அர்த்தம்தான்: குடிச்சிட்டுக் கிளம்பு.

பெரியவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். குடித்தார்கள், கைகளால் முகத்தைத் தடவிப் பிரார்த்தித்தார்கள், குல்லாவைச் சரிசெய்துகொண்டு வரிசையாக வெளியேறினார்கள். சூடான சம்சாத் தட்டோடு வந்த சமையல்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கழிவறை போகவேண்டுமா என்று துரை கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். பீட்ரூட்டாகச் சிவந்தார்.

போவது என் பள்ளிக்கூடம் அல்லவா! செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, வேன் முன்னால் நின்றேன்.

“அண்ணே, இவங்க ஊர்ல நெறய ஊத்துனாத்தான் மரியாதையாம். வெரட்டல, உபசரிச்சாரு.”

ஹம்தம் அண்ணன் யோசித்தார். “அப்ப நம்ம வீட்ல அரைக் கிண்ணம் குடிச்சிட்டு என்ன நெனச்சாராம்?”

“கஞ்சன்னு.”

வேனே குலுங்கும்படி சிரித்தார். “நெலம் தர்றோம் தங்கச்சி. ஆனா கூஜா உன் கையில இருக்கணும். அந்தாளு தொடக் கூடாது.”

இப்படித்தான் நான் முதல்வரானேன். ஆனால் திறப்பு விழாவுக்கு வந்த துரை போவதாகவே இல்லை. கால அட்டவணையை மாற்றினார், என் நாற்காலியிலேயே உட்கார்ந்து என் ஆசிரியர்களை அதட்டினார், மணி அடிக்கும் விதத்தில்கூடக் குறை சொன்னார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். பிறகு கூஜாவை எடுத்து, அவர் கிண்ணத்தில் விளிம்பு வரை ஊற்றினேன்.

துரை கிண்ணத்தைப் பார்த்தார். சுவரில் தொங்கிய தன் நெறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“முயஸ்ஸர், இது... எந்த ஊர் வழக்கப்படி?”

“பெரிய மனசுக்கு விளக்கம் எதுக்கு, சார்?”

குடித்துவிட்டு என் நாற்காலியிலிருந்து எழுந்தார்.