நாலாவது இணைப்புக்கு ஓர் அண்ணன்

ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வருகிறவர்கள் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குத்துவதே தெரியாமல் ரத்தம் எடுப்பாள் என்று பெயர். வாயால் குத்துவது மட்டும் எல்லோருக்கும் நன்றாகவே தெரியும்.

அவளுடைய போனுக்கு ஐந்து வயது முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. திரையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. சார்ஜ் ஏற வேண்டுமென்றால் வயரை ஒரு பக்கமாகச் சாய்த்துச் செருகி, அது நழுவாமலிருக்க மேலே பஞ்சு டப்பாவைத் தூக்கி வைக்க வேண்டும். காதில் வைத்தால் ஒன்றும் கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும், அதுவும் அவளுக்கு மட்டுமல்ல. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் ஒருநாள் காலையில் கூப்பிட்டு, மூன்று நாளாகத் தனக்கு வயிறு சரியாகப் போகவில்லை என்று சொன்னதை, வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்திருந்த பதினான்கு பேரும் கேட்டார்கள். அதில் நான்கு பேர் வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் எழுதியே கொடுத்தார்.

"அம்மா, இந்த போனைத் திருடன்கூட திருப்பிக் கொடுத்துட்டுப் போயிடுவான்" என்றாள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள். அவள்தான் போன் கம்பெனியின் துண்டுப் பிரசுரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவள்.

வழவழப்பான தாள். அதில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நான்கு பேர் ஒரே சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மேலே 'குடும்பமாய் இணைவோம்' என்று போட்டிருந்தது. நான்கு இணைப்பு எடுத்தால் நான்கு புது போன் இலவசம். இருபத்து நான்கு மாதம் திட்டத்தை விட்டு விலகக் கூடாது, அவ்வளவுதான்.

"இலவசம்" என்று அந்த ஒரு சொல்லை மட்டும் ஊசியக்கா வாய்விட்டுப் படித்தாள். இலவச சர்க்கரைப் பரிசோதனை என்று வாசலில் போர்டு வைத்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். சர்க்கரைக்கு வந்தவர்கள் கொழுப்பு, சிறுநீரகம், தைராய்டு எல்லாவற்றுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். அந்தப் போர்டை எழுதியதே அவள்தான்.

ஆனாலும் போய்ப் பார்ப்பதில் தவறில்லை என்று கணவன் சொன்னான். தவறில்லாத காரியங்களில்தான் மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்று அவள் சொல்ல நினைத்தாள். அதற்குள் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

கடையில் எல்லாம் வெள்ளை: சுவர், மேசை, விற்பனையாளரின் பல். கழுத்தில் அடையாள அட்டை தொங்க அவர் ஒரு போனைக் குழந்தையை ஏந்துவதுபோல இரண்டு கையிலும் ஏந்தி வந்தார்.

"இதுல மூணு கேமரா மேடம். நிலாவைக்கூட கிட்டத்துல எடுக்கலாம்."

"நிலாவுக்கு ரத்தம் எடுக்கச் சொன்னா பார்க்கலாம். காதுல வச்சா கேக்குமா?"

அவர் கொஞ்சம் திணறினார். இத்தனை வருட வேலையில் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருந்தது. "கேக்கும்னு நினைக்கிறேன் மேடம்" என்றார்.

பிறகு கணினியைத் திறந்து பெயர்களைத் தட்டினார். மூன்றாவது பெயரோடு கை நின்றது.

"நாலாவது யாரு?"

"நாங்க மூணு பேர்தான்."

"திட்டம் நாலு பேர் குடும்பத்துக்கு மேடம்."

"மூணு பேர் இருந்தா குடும்பம் இல்லையா?"

"சிஸ்டம் ஏத்துக்காது."

"இருபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றான் கணவன். மகள் இந்தக் குடும்பத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நகர்ந்துபோய்க் கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள்.

விற்பனையாளர் மனம் தளரவில்லை. "ரத்த சொந்தம் யாரா இருந்தாலும் போதும். பதினெட்டு வயசு முடிஞ்சிருக்கணும். நேர்ல வந்து கையெழுத்து போடணும். ஒருத்தர்கூடவா இல்ல?"

ஒருத்தர் இருந்தார். அவர்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி இருந்தார். அவருடன் ஊசியக்கா பேசி ஆறு வருடமாகியிருந்தது.

அவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். ஆளில்லாத மைதானத்தில் திரும்பும்போதுகூட இண்டிகேட்டர் போடாதவனை வண்டியை விட்டு இறக்கி நடக்கவைத்துக் கூட்டிவருவார். தங்கைக்கு நாற்பது நாள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நாற்பத்தோராவது நாள் ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் சொந்தக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, யாரோ தங்கையின் ஓட்டுநர் பயிற்சி எப்படிப் போகிறது என்று கேட்டார்கள். "இவ ஓட்டுற வண்டிக்கு முன்னாடி ஒரு ஆள் மணி அடிச்சுக்கிட்டே ஓடணும்" என்றார் அண்ணன். பந்தியே சிரித்தது. அவள் கணவனும் சிரித்தான். தனக்குப் புரையேறியது என்று அவன் இன்றுவரை சாதிக்கிறான்.

அவள் மறுநாளே எதிர்த்தெருப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, பன்னிரண்டு நாளில் முதல் தேர்விலேயே உரிமம் வாங்கினாள். அதை நகலெடுத்து லாமினேட் செய்து அண்ணனுக்குக் கூரியரில் அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. 'கிடைத்தது. போட்டோ சரியாக விழவில்லை.' அதுதான் அண்ணன் தங்கைக்குள் நடந்த கடைசிப் பேச்சு.

"முடியாது" என்றாள் ஊசியக்கா, கடையை விட்டு வெளியே வந்ததும். "ஒரு போனுக்காக நான் அவன் வாசல்ல போய் நிக்கணுமா?"

"ஒண்ணு இல்லம்மா, நாலு" என்றாள் மகள்.

ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. கணவன் ஒரு தாளை எடுத்து நடுவே கோடு கிழித்தான். ஒரு பக்கம் கேமரா, மின்கலம், இணைய வேகம் என்று எழுதினான். மறுபக்கம் 'மச்சான்' என்று மட்டும் எழுதினான். இரண்டு பக்கமும் சமமாக இருப்பதாக அவனுக்குப் பட்டது.

முடிவு செய்தது அவளுடைய போன்தான். செவ்வாய்க்கிழமை அதன் ஸ்பீக்கரும் போய்விட்டது. யாராவது கூப்பிட்டால் மேசைமேல் கிடந்து நடுங்கும். அதற்குமேல் அதனிடம் ஒன்றும் எதிர்பார்க்க முடியாது. தலைமை மருத்துவர் ஓர் அவசர அறிக்கைக்காக மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தானே இரண்டு மாடி இறங்கி வந்தார். மேசைமேல் நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி மாடி ஏறினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். அவற்றின் கீழே பெஞ்சில் மூன்று மாணவர்கள் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தலையை நிமிர்த்திப் பார்த்தார். முடி பாதிக்குமேல் நரைத்திருந்தது. முகத்தில் எந்த மாற்றமும் காட்டவில்லை.

"வண்டியை எங்கயாவது மோதிட்டியா?"

"இல்ல."

"உரிமம் புதுப்பிக்கணுமா?"

"அதுக்கு இன்னும் நாள் இருக்கு."

"பின்ன?"

அவள் துண்டுப் பிரசுரத்தை மேசைமேல் வைத்து, விஷயத்தை நான்கு வரியில் சொன்னாள். அண்ணன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சோபாவில் சிரித்தவர்களை ஒரு நிமிடம் பார்த்தார். பின்னால் திருப்பி, எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்த எழுத்துகளை விரல் வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். மாணவர்கள் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள்.

"ஆறு வருஷம் கழிச்சு, நான் உனக்கு ரத்த சொந்தம்னு ஒரு போன் கம்பெனிக்காரன் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கு."

"உனக்கு அதுவும் யாரும் சொல்லலையே" என்றாள் அவள்.

பெஞ்சில் ஒருவர் இருமினார். அண்ணன் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "என்கிட்ட செல்போனே கிடையாது. ஆபீஸ்ல ஒண்ணு இருக்கு, ஒரு மனுஷனுக்கு அதுவே ஜாஸ்தி. சனிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கடைக்கு வர்றேன். நீங்க எப்படியும் லேட்டாத்தான் வருவீங்க."

சனிக்கிழமை அவர்கள் பன்னிரண்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அண்ணன் தேய்த்த சட்டையில், அந்த வெள்ளைக் கடையின் நடுவே கைகட்டி நின்றிருந்தார். சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார். கணவன் "வாங்க மச்சான்" என்று, ஏதோ தன் வீட்டு வாசல்போல வரவேற்றான். மகள் "நல்லா இருக்கீங்களா மாமா" என்று கேட்டாள். பதில் வருவதற்குள் எந்த நிறம் எடுப்பது என்று பார்க்கப் போய்விட்டாள்.

விற்பனையாளர் நான்காவது பெயரைத் தட்டினார். பிறந்த தேதி கேட்டார். முகவரி கேட்டார். அங்கே கை நின்றது.

"சார் தனி வீடா?"

"ஆமா."

"நாலு பேரும் ஒரே முகவரியில இருக்கணுமே சார்."

"பதினோராவது விதி" என்றார் அண்ணன் நிதானமாக.

ஊசியக்கா திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

"வியாழக்கிழமை உன் முன்னாடிதானே படிச்சேன்."

"தெரிஞ்சுமா வந்த?"

"கையெழுத்து போட வர்றியான்னு கேட்ட. வந்தேன். திட்டம் கிடைக்குமான்னு நீ கேக்கல. உங்க வீட்ல யாரும் அதைப் படிச்சிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்."

விற்பனையாளர் குரலைத் தாழ்த்தினார். "அது ஒண்ணும் பிரச்சினை இல்ல சார். முகவரியை மட்டும் மாத்திப் போட்டுக்கலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"மாமா, சும்மா ஒரு வரிதானே" என்று மகள் ஓடிவந்தாள்.

"இல்லாத வீட்ல இருக்கேன்னு எழுத மாட்டேன்."

அவ்வளவுதான். ஆறு வருடமாக ஊசியக்காவுக்குள் இருந்ததெல்லாம் அந்த இடத்திலேயே வெளியே வந்தது. "உனக்கு எப்பவுமே விதிதான் பெருசு. கூடப்பிறந்தவளைப் பத்துப் பேர் முன்னாடி கேலி பண்றதுக்கு மட்டும் எந்த விதியும் கிடையாது. நீ வராதுன்னு சொன்ன உரிமத்தை நான் பன்னிரண்டே நாள்ல வாங்கிக் காட்டினேன், ஒரு தப்பு இல்லாம."

"ரிவர்ஸ் எடுக்கும்போது கடைசிக் கூம்பைத் தட்டின" என்றார் அண்ணன்.

வாடிக்கையாளர் இருவர் வெளியே போக எழுந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

"நீ எப்படிப் பார்த்த?"

"வேலிக்கு வெளிய நின்னேன். காலையில ஏழு மணிலேர்ந்து. தேர்வு வச்ச அதிகாரி கீழே குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தார், அவர் கவனிக்கல. நான் பார்த்தேன். அன்னைக்கே அவர்கிட்ட போய்ச் சொல்லியிருக்கணும். ஆறு வருஷமா யார்கிட்டயும் சொல்லல." இதைச் சொல்லும்போது அவர் காதுமடல் சிவந்துவிட்டது. இல்லாத வீட்டில் இருக்கிறேன் என்று ஒரு வரி எழுத முடியாத மனிதர்.

ஊசியக்கா அந்தக் காதையே பார்த்தாள். பிறகு, "தட்டல. உரசுச்சு" என்றாள்.

"கூம்பு ஆடுச்சு."

"ஆடுச்சு, விழல."

"விழல" என்று அண்ணன் ஒப்புக்கொண்டார்.

அவள் விற்பனையாளரிடம் திரும்பினாள். "தம்பி, திட்டமும் வேணாம், நிலாவும் வேணாம். காதுல வச்சா கேக்குற மாதிரி ஒண்ணு இருக்கா?" அவர் பெருமூச்சு விட்டு, கீழ்த்தட்டின் மூலையிலிருந்து தூசி படிந்த ஒரு பெட்டியை எடுத்தார். அண்ணன் அதன் உத்தரவாதச் சீட்டை முழுக்கப் படித்து, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருப்பதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் வாங்கவிட்டார்.

மகள் இரண்டு நாள் வீட்டில் யாருடனும் பேசவில்லை. பேசவில்லை என்பதைக் குடும்பக் குழுவில் மணிக்கொரு முறை எழுதித் தெரிவித்தாள். புது போனைக் காதில் வைத்தால் கேட்டது. கணவனின் வயிற்றுச் செய்திகள் வரிசையில் இருப்பவர்களுக்குக் கிடைக்காமல் போயின. அதில் ஓரிருவருக்கு வருத்தம்தான்.

அடுத்த ஞாயிறு மதியம் வாசலில் அழைப்பு மணி அடித்தது. அண்ணன். முன்னால் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்ததும். வந்தவுடன் வாசலில் நிற்கும் தங்கையின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரத்தில் காற்றை அழுத்திப் பார்ப்பார். உள்ளே வந்து கதவுக் கீலுக்கு எண்ணெய் போடாததைச் சொல்வார். லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் கதவு கிறீச்சிடுவது பற்றித் தனியாக ஒரு கருத்து வைத்திருந்தார். கணவனின் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அத்தோடு போயிற்று.

நான்காவது வாரம், அண்ணன் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, கணவன் சமையலறைக்கு வந்து தணிந்த குரலில் கேட்டான். "மச்சானுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தா என்ன? மாசத் திட்டமும் நாமளே போட்டுடலாம். வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவார் இல்ல?"

"சொல்லிட்டு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வெளிய போயிருக்கோம்னு சொல்லலாம்."

"அப்போ நல்லதாப் பார்த்து வாங்குங்க" என்றாள் ஊசியக்கா, அண்ணனுக்கு நான்காவது தட்டை எடுத்து வைத்தபடி. "ஆனா அந்தத் திட்டத்தோட விதியெல்லாம் அவன்தான் முதல்ல படிப்பான்."